என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, அண்ணாச்சி

1

நான் பார்க்கும் வேலையை ஊரில் ஒருவருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஓர் ஊரின் பல்கலைக்கழகத்தில் நான் மாணவர்களுக்கான மனநல ஆலோசகர். சங்கரன்கோவிலில் அண்ணன் இதை "பிள்ளைகளுக்கு அட்வைஸ் பண்ணுத வேலை" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் வேலையில் முதலில் தடைசெய்யப்பட்டதே அட்வைஸ்தான் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "அப்ப சம்பளம் எதுக்கு குடுக்கான்?" என்று மதினி கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் வாசலுக்கு வந்து நின்றாலே போதும், அட்வைஸ் ஓசியில் கிடைக்கும்.

நாங்கள் மொத்தம் ஒரு கை விரலுக்குள் அடங்கும் ஆட்கள். ஒருவர் முன்பு தீயணைப்புத் துறையில் இருந்தவர். ஹெலன் என்ற ஸ்காட்லாந்துக்காரி இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு இதற்கு வந்தவள். ஆளுக்கொரு சின்ன அறை. ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள், ஒரு டிஷ்யூ டப்பா, மாணவர் கண்ணில் படாத இடத்தில் ஒரு கடிகாரம். பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். சிலர் பேசுவார்கள், சிலர் முழு நேரமும் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்களைப் பார்ப்பதற்காக வாரக்கணக்கில் காத்திருப்போர் வரிசை எப்போதும் உண்டு. வரிசையில் நிற்கும்போதே ஒரு பிள்ளை உயிரை விட்டுவிட்டால் அன்று எங்கள் சமையலறையில் யாரும் டீ போடுவதில்லை.

அந்த அறையில் பேசியது வெளியே போகக் கூடாது. பேசியது மட்டுமல்ல, அந்தப் பிள்ளை வந்தது என்பதே வெளியே போகக் கூடாது. பெற்றோர் கேட்டாலும், பேராசிரியர் கேட்டாலும், "வந்தார் என்றோ வரவில்லை என்றோ சொல்ல இயலாது" என்பதுதான் பதில். அந்தப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. வந்த புதிதில் எனக்கு இது கல்நெஞ்சுக்காரர்கள் எழுதிய விதியாகத் தெரிந்தது. பிறகு, வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே வாய் திறக்காமல் செத்துப்போன பிள்ளைகளின் கதைகளைக் கேட்டேன். இப்போது யாராவது அந்த விதியைக் கேலி பேசினால் எனக்குக் கோபம் வரும்.

என் மகனுக்கு வயது பதினாறு. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். எப்படி இருக்கிறாய் என்றால் "ஃபைன்". சாப்பிட்டாயா என்றால் அதற்கும் "ஃபைன்". ஊரார் பிள்ளைகளின் மனசை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இந்த ஒரு வார்த்தையோடு தூங்கப் போகிறேன். அவனும் எங்காவது ஓர் அறையில் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கலாம். பேசினால் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

2

கோமதி என்று அவளுக்குப் பெயர் வைத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு என்பதால் அது யாரையும் சுட்டாது. புளியங்குடிப் பிள்ளை. அப்பாவுக்கு எலுமிச்சை மண்டியில் கமிஷன் கடை. வீட்டுக்கு ஒரே பெண். மதுரையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு வந்திருந்தாள். விமான நிலையத்தில் அவளோடு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி அவள் அப்பா கடையில் மாட்டியிருந்தாராம். சரக்கு எடுக்க வரும் கேரள வியாபாரிகளுக்குக்கூட அவள் எங்கே படிக்கிறாள் என்று தெரியும்.

பிப்ரவரியில் ஒரு மதியம் முதன்முதலாக என் அறைக்கு வந்தாள். தமிழ்ப் பெயர் என்பதைப் பார்த்து என்னைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். யாரோ சென்னைக்கார அம்மா என்ற நினைப்பு. உட்கார்ந்ததும் "நீங்க எந்த ஊரு மேடம்?" என்றாள். எங்களைப் பற்றி நாங்கள் பேசக் கூடாது. அதற்காகப் பொய்யும் சொல்ல முடியாது. சங்கரன்கோவில் என்றேன்.

முகம் வெளிறிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். புளியங்குடிக்கும் எங்கள் ஊருக்கும் பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. புளியங்குடியில் யாரையாவது தெரியுமா என்று மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். யாரையும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் வேறு ஆலோசகரிடம் மாற்றித் தருகிறேன் என்றேன். வெளியே போனவள் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இங்கிலீஷ்ல எனக்கு அழ வர மாட்டேங்குக்கா" என்றாள்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் வந்தாள். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. வகுப்புக்குப் போய் வாசலோடு திரும்பிவிடுகிறாள். குளிர்காலத்தில் சில நாட்கள் சாக வேண்டும் என்றே இருந்திருக்கிறது. அதை அவள் சொன்ன அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனோம். யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே போக வேண்டும் என்று அவளுடனேயே உட்கார்ந்து முடிவு செய்தோம். அவசரத்துக்கு வீட்டு எண் ஒன்று வேண்டும் என்றபோது மட்டும் தலையை ஆட்டிவிட்டாள். எங்க அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதுக்கா என்பாள். ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது இதையே சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

மே மாதம் கொஞ்சம் தேறினாள். பரீட்சை எழுதினாள். ஜூலையில் நான் ஊருக்குக் கிளம்பினேன். அவளை ஹெலனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன்.

3

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனாலும் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நடக்கும் சமயத்தில் எங்கள் வீட்டிலும் ஆள் நிறைந்துவிடும். தபசு பார்க்க வரும் சிநேகிதக்காரர்கள் செருப்பையும் பையையும் எங்கள் வீட்டில் போட்டுவிட்டுத்தான் கோவிலுக்குப் போவார்கள். தபசுக்கு முந்தின நாள் மத்தியானம் வாசலில் வெள்ளைச்சட்டையோடு ஒருவர் வந்து நின்றபோது அப்படி யாரோ என்றுதான் நினைத்தோம். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சை. கோமதியின் அப்பா என்றார்.

அண்ணன் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் புளியங்குடி வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் மூலமாக, மகள் படிக்கிற இடத்தில்தான் எனக்கு வேலை என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். என்ன வேலை என்று அவருக்குத் தெரியாது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் எடுக்கவில்லை, மெசேஜையும் பார்க்கவில்லை, வீட்டில் அவள் அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். தங்கச்சி பெருமையைப் பேச அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டார். மனசு சரியில்லாத பிள்ளைகள் எல்லாம் இவளிடம்தான் வரும், இவள் கையில்தான் எல்லாம் என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. கோமதியின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப எம்பிள்ளை உங்ககிட்ட வந்தாளா யம்மா? நல்லாத்தான இருக்கா?"

வந்தாள் என்றால் அவளுக்குத் துரோகம். வரவில்லை என்றால் பொய். நல்லா இருக்கிறாளா என்பது எனக்கே தெரியாது. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாக்கியம் தானாகவே தமிழாகி வெளியே வந்தது.

"அதப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது, அண்ணாச்சி. ஆபீஸ்ல சொல்லி உடனே பாக்கச் சொல்லுதேன்."

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. மதினி கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. எழுந்து, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று அண்ணன் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹெலனைக் கூப்பிட வேண்டும் என்ற அவசரத்தில் அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவை யாரும் சாவு என்று போனில் சொல்லமாட்டார்கள். எங்கள் அப்பா இறந்த அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு லேசா முடியல, லீவு கிடைக்குமான்னு பாரு என்றார். விமானம் மாறும் இடத்திலிருந்து நான் கூப்பிட்டபோது, அப்பா தூங்குவதாகச் சொன்னார். மதுரையில் இறங்கிக் கேட்டபோது, எதுவானாலும் வீட்டுக்கு வந்து பேசிக்கலாம் என்றார். தெருமுனையில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தூரத்தில் இருக்கிறவள் பாதிவழியில் உடைந்துவிடாமல் வீடு வந்து சேரட்டும் என்று செய்வது அது. அதனால் எங்கள் ஊரில் ஒருவர் நேராகப் பதில் சொல்லாவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதைத்தான் நான் அவர் முகத்துக்கு நேரே, மரியாதையாக, சொல்லி அனுப்பியிருந்தேன்.

4

ஹெலனிடம் பேசி முடித்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அண்ணனுக்கு அந்தப் புளியங்குடி வாத்தியார் போன் செய்தார். பிள்ளை போய்விட்டதாமே, உங்கள் தங்கச்சிதான் சொன்னார்களாமே, வீட்டில் கூட்டம் கூடிவிட்டது, எப்படி ஆச்சு என்று கேட்டார். கோமதியின் அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்று சிவகிரியில் இருக்கும் மைத்துனருக்கு, கோமதியின் மாமாவுக்குப் பேசியிருக்கிறார். அந்த வாத்தியாரோட தங்கச்சி வாயைத் திறக்க மாட்டேங்கா, எல்லாம் முடிஞ்சிட்டு, நீ சிவகிரியில இருந்து ஆட்களைக் கூட்டிக்கிட்டு வா என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் எத்தனை தடவை கூப்பிட்டும் அவர் போனை எடுக்கவில்லை. பஸ் ஏறிவிட்டார்.

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அதற்குள் ஹெலன் கூப்பிட்டாள். கோமதியின் அறைக் கதவைத் தட்டித் திறக்கவைத்திருக்கிறாள். உயிரோடுதான் இருந்தாள். திரையை இழுத்துவிட்டு, போனை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்திருக்கிறாள். சனிக்கிழமை ரிசல்ட் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் பாடங்களில் தேறவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

கர்த்தரே என்று எனக்கு மூச்சு வந்தது. அவள் வீட்டுக்குச் சொல்லிவிடலாமா என்றேன். ஹெலன் ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம். வேண்டாம் என்றாளாம் கோமதி. நலமாக இருக்கிறாள் என்றுகூடச் சொல்லக் கூடாதாம். அவள் பதினெட்டு வயது தாண்டிய பெண், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றாள் ஹெலன். அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த வீட்டில் இழவு விழுந்ததாக அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஹெலனுக்குப் புரியவில்லை. நீ அவர்களிடம் எதுவும் சொல்லவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம், அதனால்தான் அழுகிறார்கள் என்றேன். அதை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? போனைக் கோமதியிடம் கொடு என்றேன்.

"நீங்க சொல்லிட்டீங்களாக்கா?" என்றாள் எடுத்ததும்.

"உன்னப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொல்லாததால உங்க அப்பா நீ செத்துட்டன்னு நினைச்சுக்கிட்டாரு. வீட்டுல கூட்டம் கூடிட்டாம்."

ஹெலன் ஏதோ கேட்பது மட்டும் தூரத்தில் கேட்டது.

"அப்படியே இருக்கட்டும்க்கா" என்றாள் கோமதி. "ஃபெயிலாயிட்டேன்னு கேக்கதுக்கு அவருக்கு இது ஈசி."

ஹெலனிடம் அவளை விட்டு ஓர் அடி நகராதே என்று சொன்னேன். அண்ணனைக் காரை எடுக்கச் சொன்னேன்.

5

தபசுக் கூட்டத்துக்காகப் பாதித் தெருக்களை அடைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றி ஊரைத் தாண்டுவதற்கே பெரும்பாடாகிவிட்டது. அந்த நேரம் முழுக்க எனக்குள் ஒரே கணக்குத்தான். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே வாய் திறக்கலாம். இப்போது ஆபத்தா? பக்கத்தில் ஹெலன் இருக்கிறாள், டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். ஆனால் செத்துப்போனவள் என்று ஒரு வீடு அழுது முடித்து, தலைமுழுகி எழுந்துவிட்டால், அந்தப் பிள்ளை பிறகு எந்த முகத்தோடு, எந்த வாசலில் வந்து நிற்கும்? அதைவிட அவள் நினைத்ததையே செய்துவிடுவது அவளுக்குச் சுலபமாகத் தெரியும். ஆபத்துத்தான் என்று நான் முடிவு செய்தேன். சரியான முடிவா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

தெருவிலேயே அழுகை கேட்டது. உள்ளே கோமதியின் அம்மா தரையில் கிடந்து மகளைப் பெயர் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள். வாசலில் ஆண்கள் கூடி, உடம்பைக் கொண்டுவர கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதா, முதலில் தூதரகத்துக்கு எழுதுவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிவகிரி மாமா என்னைப் பார்த்ததும் முன்னால் வந்து, "பாடி எப்பம்மா கிடைக்கும்?" என்றார்.

நடுவீட்டில் போய் நின்று, "கோமதி உயிரோட இருக்கா" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. பெற்றவளிடம் அப்படித்தானே சொல்வார்கள். அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு முன்னைவிடப் பெரிதாக அழுதார். வயதான பெண் ஒருத்தி என் முதுகைத் தடவி, ஆமா தாயி, இருக்கா, இருக்கா என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். கோமதியின் அப்பா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுல வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொன்னிய. இங்கன பொம்பளைய அழுதத பாத்துட்டு மாத்திச் சொல்லுதிய" என்றார். "வேண்டாம் யம்மா. எங்களுக்குப் புரிஞ்சிட்டு."

விதியை உடைத்தேன், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. மறுபடி ஹெலனைக் கூப்பிட்டு கோமதியிடம் பேசினேன். உன்னைக் கேட்காமல் நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன், யாரும் நம்பவில்லை, இதற்கு மேல் என்னால் ஆகாது என்றேன். நான் போனை யார் பக்கமும் நீட்டவில்லை. நீட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அவள் அம்மாவின் அழுகை அந்த வீடு முழுக்க நிறைந்திருந்தது. அவளுடைய மூச்சு மட்டும் வேகமாகக் கேட்டது.

"ஸ்பீக்கர்ல போடுங்கக்கா" என்றாள்.

போட்டேன்.

"யம்மா. நான் சாகலம்மா. ஃபெயில்தான் ஆயிட்டேன்."

வீடு அப்படியே அடங்கியது. அப்பா எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வச்சிராத மக்கா" என்றார். "என்னத்தையாவது பேசு. நிப்பாட்டாம பேசு."

என்னத்தப்பா பேச என்று கேட்டாள். பிறகு அங்கே மழை பெய்கிறது என்றாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா உட்கார்ந்து அழுகிறார்கள் என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் உம், உம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் சிவகிரி மாமா யாரிடமோ தாழ்ந்த குரலில் "ஃபெயிலா?" என்று கேட்டார். நான் வாசலுக்கு வந்தபோது தெருவில் அதுதான் பேச்சாக இருந்தது.

6

இங்கிலாந்துக்குத் திரும்பி வந்ததும் நடந்ததை நானே மேலதிகாரியிடம் சொன்னேன். விசாரணை நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் நல்லவர்கள்தான். எதுவும் சொல்லாமல் இருந்தது எப்படி ஒரு மரணச் செய்தி ஆகும் என்று கேட்டார்கள். சொன்னேன். தலையை ஆட்டினார்கள், குறித்துக்கொண்டார்கள். கடைசியில் ஓர் எச்சரிக்கை. ரகசியம் காப்பது பற்றி ஆன்லைனில் ஒரு பாடம் வேறு படிக்கச் சொன்னார்கள். சரியான பதிலையே தேர்ந்தெடுத்து முழு மதிப்பெண் வாங்கினேன்.

கோமதிக்கு வேறு ஆலோசகர் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து என்னிடமே திரும்பி வந்தாள். காரணம் நான் கேட்கவில்லை. விட்டுப்போன பாடங்களை அடுத்த வருஷம் எழுத அனுமதி கிடைத்திருக்கிறது. அவள் அப்பா முதலில் தினமும் பேசினார், பாடமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நீ இருந்தால் போதும் என்றார். நிஜமாகத்தான் சொன்னார். ஆனால் மண்டியில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்கிறார்கள். பேசிவைத்திருந்த ஒரு சம்பந்தம், பிள்ளைக்கு மூளைக்கோளாறாமே என்று விலகிப் போய்விட்டது. இப்போதெல்லாம் அவர், அடுத்த தடவை பாஸாயிருவல்லா என்று கேட்டுத்தான் போனை வைக்கிறாராம். அவள் ஆமாம்ப்பா என்கிறாளாம்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம் என்றாள். ஊர் முழுக்கத் தெரிந்த கதைதான், நடந்தபடி ஒரு தடவை படிக்கட்டும் என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை வந்தாள். இளைத்திருந்தாள்.

"ஊர்ல இருந்து யாரு பேசினாலும் ஒரே பேச்சுதான்க்கா" என்றாள். "செத்ததா சேதி வந்து பொழைச்சவளுக்கு ஆயுசு கெட்டியாம். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சொல்லுதாங்க. எனக்குக் கேக்கவே பயமா இருக்கு. அம்புட்டு வருசமும் இருக்கணுமேக்கா."

அடுத்த செவ்வாய்க்கிழமை வருவியா என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை வாரேன்" என்றாள்.